சாயத்தண்ணீரும் பாக்கெட் பாக்டீரியாவும்: வாசகர் கேள்விகள்

மாதாமாதம் பாக்கெட் பாக்கெட்டாகப் பாக்டீரியாக் கல்ச்சர் வாங்கிக் கொட்டுகிறோம். சாயத்தண்ணீரில் நிறம் போகவே மாட்டேன் என்கிறது. சரக்கு சரியில்லையா?
– சாயப்பட்டறை மேற்பார்வையாளர், திருப்பூர்

சரக்கைத் திட்டுவதற்கு முன்னால், எங்கே கொட்டுகிறீர்கள் என்று பார்க்கலாம். காற்றூதும் ஏரேஷன் டேங்கில்தானே? கோளாறு அங்கேதான். பருத்திக்குப் போடும் ரியாக்டிவ் சாயங்களில் பெரும்பாலானவை அசோ வகை. இரண்டு நைட்ரஜன் அணுக்களுக்கு இடையிலுள்ள இரட்டைப் பிணைப்பை உடைத்தால்தான் நிறம் போகும். உடைக்கும் பாக்டீரியாக்கள் சாயத்துக்கு எலக்ட்ரான்களைக் கொடுத்து அந்த வேலையைச் செய்கின்றன. பக்கத்தில் ஆக்சிஜன் இருந்தால் எலக்ட்ரான்கள் அதற்குப் போய்விடும், சாயம் அப்படியே நிற்கும். ப்ளோயரை ஓட்டிக்கொண்டே நிறம் போகவில்லை என்றால் எப்படி?

ஆகவே காற்றில்லாத தொட்டி ஒன்று முன்னால் வேண்டும். அங்கே தண்ணீர் வெளுத்ததும் வேலை முடிந்துவிட்டதாக நினைத்துவிடாதீர்கள். உடைந்த சாயம் அரோமேட்டிக் அமீன்கள் என்ற வேதிப்பொருள்களாக மாறியிருக்கும். கண்ணுக்குத் தெரியாது, ஆனால் அவற்றில் சில சாயத்தைவிட மோசமான நச்சு. அவற்றைத் தின்ன வேறொரு கூட்டம் வேண்டும், அதற்குக் காற்றும் வேண்டும். கலப்புக் கல்ச்சரின் சூட்சுமம் இதுதான்: ஒன்று மிச்சம் வைப்பதை இன்னொன்று சாப்பிடும். ஒரே பாக்டீரியா எல்லாவற்றையும் முடித்துவிடும் என்று விற்பவர் சொன்னால், டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிடுங்கள். கலப்புக் கூட்டமும் சர்வ வல்லமை படைத்ததல்ல. சல்ஃபோனிக் தொகுதி (சாயம் தண்ணீரில் கரைய உதவும் பகுதி) ஒட்டிய அமீன்களில் சில இரண்டாவது தொட்டியிலும் சுலபத்தில் அசையாது.

இன்னொன்று. சாயத்துக்குக் கொடுக்க எலக்ட்ரான் கிடைக்க, முதல் தொட்டியில் உள்ள பாக்டீரியாவுக்குத் தீனி வேண்டும். நெசவுத் துணியில் கஞ்சி இருக்கும், பின்னலாடையில் அதுவும் கிடையாது. கேன்டீன், கழிப்பறைத் தண்ணீரை அங்கே திருப்பிவிட்டாலே நல்ல வித்தியாசம் தெரியும்.

புது ஈடிபியில் (கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையம்) பாக்டீரியா வளரச் சாணம் கரைத்து ஊற்றலாமா?

ஊற்றலாம், தப்பில்லை. ஆனால் மாட்டின் வயிற்றில் இருந்த பாக்டீரியாக்கள் சாயத்தைப் பார்த்ததில்லை. பழகுவதற்கு நாளாகும். ஓடிக்கொண்டிருக்கும் சாயப்பட்டறை ஈடிபியிலிருந்து ஒரு லோடு ஸ்லட்ஜ் (பாக்டீரியா நிறைந்த சேறு) கிடைத்தால் அதுவே மேல். 1914இல் மான்செஸ்டரில் ஆர்டன், லாக்கெட் என்ற இரு வேதியியலாளர்கள் கண்டுபிடித்ததும் இதைத்தான். காற்றூதிய கழிவுநீரில் அடியில் தங்கிய சேற்றைக் கொட்டாமல் அடுத்த சுற்றுக்கும் வைத்துக்கொண்டார்கள். முதலில் வாரக்கணக்கில் நடந்த வேலை மணிக்கணக்கில் முடிந்தது.

பாக்டீரியா போட்டும் டிடிஎஸ் (தண்ணீரில் கரைந்துள்ள உப்பின் அளவு) குறையவில்லையே?

குறையாது. உப்பைத் தின்னும் பாக்டீரியா கிடையாது. அதற்கு உப்பை வடிக்கும் ஆர்ஓ, தண்ணீரை ஆவியாக்கும் எவாப்பரேட்டர்தான். 2011இல் சென்னை உயர் நீதிமன்றம், கழிவை ஆற்றில் விட்டதற்காகத் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூடச் சொன்ன பிறகு இதை யாருக்கும் விளக்க வேண்டியதில்லை என்று நினைத்திருந்தேன்.

திங்கட்கிழமை காலையில் கிளாரிஃபையரில் (சேறு படியும் தொட்டி) ஸ்லட்ஜ் கட்டி கட்டியாக மிதக்கிறது. புதுக் கல்ச்சர் போடச் சொல்கிறார்கள்.

பொறுங்கள். ஏரேஷன் டேங்கிலிருந்து ஒரு லிட்டர் அளவு உருளையில் எடுத்து வையுங்கள். அரை மணியில் ஒழுங்காகப் படிந்து, ஒன்றிரண்டு மணி கழித்து அடைபோல எழும்புகிறதா? ஒரு குச்சியால் மெல்லக் கலக்கிப் பாருங்கள். சிறுசிறு குமிழிகளை விட்டுவிட்டு மறுபடி மூழ்கினால், அது நைட்ரஜன் வாயு. அடியில் காற்றில்லாமல் கிடந்த ஸ்லட்ஜ் நைட்ரேட்டை வாயுவாக்கி, அதையே மிதவையாக்கி மேலே வந்திருக்கிறது. பாக்டீரியா சாகவில்லை, நன்றாகவே இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை ஸ்லட்ஜ் திரும்பும் பம்பை நிறுத்தி வைத்திருப்பீர்கள். அதை ஓட்டுங்கள். பாக்டீரியாவுக்கு நைட்ரஜன் தரப் போடும் யூரியாவையும் கைக்கு வந்தபடி அள்ளிப் போடாதீர்கள்: பிஓடி (கழிவைச் சிதைக்கப் பாக்டீரியாவுக்குத் தேவைப்படும் ஆக்சிஜன்) 100 என்றால் நைட்ரஜன் 5, பாஸ்பரஸ் 1 போதும்.

அரை மணியாகியும் படியவே இல்லை, பஞ்சுபோல நிற்கிறது என்றால் அது நூல்போல நீண்டு வளரும் இழைப் பாக்டீரியா. வைத்தியம் வேறு. டேங்கில் கரைந்த ஆக்சிஜன் லிட்டருக்கு 2 மில்லிகிராமுக்குக் கீழே போகிறதா என்று அளந்து எழுதுங்கள், அப்புறம் பேசுவோம்.