‘எனக்கு மட்டும் ஏறுவதில்லை!’

கேள்வி: எனக்கு 20 வயது. விடுதியில் தங்கிப் படிக்கிறேன். சனிக்கிழமை இரவு நண்பர்களோடு குடிப்பேன். மற்றவர்கள் உளறி, வாந்தியெடுத்துச் சாயும்போதும் நான் நிதானமாக இருப்பேன். அவர்களைப் படுக்க வைப்பதே நான்தான். எனக்கு ஒத்துக்கொள்ளும் உடம்பு என்கிறார்கள். பயப்படத் தேவையில்லைதானே?

பதில்: நீங்கள் பெருமையாக எழுதியிருக்கும் அதே விஷயம்தான் எனக்குக் கவலை தருகிறது, தம்பி. மருத்துவக் கல்லூரியில் எனக்கும் ‘ஸ்டெடி பார்ட்டி’ என்று பட்டம் உண்டு. முப்பது வயதுக்குள் தினமும் குடிக்கிறவனாகிவிட்டேன். இப்போது தொடுவதில்லை, அந்தக் கதை இன்னொரு வாரம்.

அமெரிக்க மனநல மருத்துவர் மார்க் ஷுக்கிட், உங்கள் வயதுப் பையன்களுக்கு மதுவை அளந்து கொடுத்து யாருக்கு எவ்வளவு ஏறுகிறது என்று குறித்துவைத்தார். சுமார் பத்து ஆண்டு கழித்து அவர்களையே தேடிப்போய் விசாரித்தார். 1994இல் முடிவு வெளியானது. குடிநோயாளிகளின் மகன்களில், குறைவாக ஏறியவர்களில் 56 சதவீதம் பேர் குடிநோயாளிகளாகியிருந்தார்கள். நன்றாக ஏறியவர்களில் அது 14 சதவீதம்தான். உங்கள் அப்பா, தாத்தா பற்றி நீங்கள் எழுதவில்லை. யோசித்துப் பாருங்கள்.

காரணம் ஒன்றும் பெரிய ரகசியமில்லை. மூன்றாவது பெக்கில் தலை சுற்றுகிறவன் அதோடு நிறுத்துகிறான். உங்களுக்குச் சுற்றுவதில்லை, ஆறாவதுக்குப் போகிறீர்கள். ஆனால் கல்லீரலுக்கு உங்கள் நிதானம் தெரியாது. சின்ன பெக் ஒன்றைக் கரைக்க அதற்குச் சுமார் ஒரு மணி நேரம் வேண்டும். காபியோ குளியலோ அதை முடுக்கிவிடாது. மூளையின் முன்பகுதி, அதாவது ‘போதும்’ என்று சொல்லவேண்டிய பகுதி, 25 வயதுவாக்கில்தான் முழுசாக முதிர்கிறது.

அப்புறம், சாய்ந்தவர்களைப் படுக்க வைப்பதாகச் சொன்னீர்களே, மல்லாக்கப் படுக்க வைக்காதீர்கள். வாந்தி மூச்சுக்குழாயில் போய்விடும். ஒருக்களித்துப் படுக்கவைத்துப் பக்கத்திலேயே இருங்கள். உலுக்கியும் எழவில்லை, மூச்சு விட்டுவிட்டு வருகிறது, உடம்பு சில்லிட்டிருக்கிறது என்றால் ‘தூங்கட்டும்’ என்று விடாமல் உடனே ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள். விடுதியில் மாட்டிக்கொள்வோமே என்ற பயமெல்லாம் அப்புறம்.

குடிக்காமல் இருப்பதுதான் நல்லது. அடுத்த சனிக்கிழமையே விட்டுவிடுவீர்கள் என்று நம்பும் அளவுக்கு நான் அப்பாவி இல்லை. ஒன்று செய்யுங்கள். எத்தனை என்று மாலையிலேயே முடிவுசெய்து, செல்போனில் குறித்துவையுங்கள். ஏறுகிறதா என்று பார்க்காமல் எண்ணிக்கையை மட்டும் பாருங்கள். காலையில் உண்மைக் கணக்கைப் பக்கத்தில் எழுதுங்கள். நான்கு வாரம் கழித்து இரண்டு எண்களையும் எனக்கு அனுப்புங்கள். இரண்டும் ஒத்துப்போகவில்லை என்றால் கடிதத்தோடு நிற்காமல் ஒரு மனநல மருத்துவரை நேரில் பாருங்கள்.