கார்பன் நானோடியூப் (கார்பன் அணுக்களால ஆன ரொம்ப மெல்லிசான குழாய்) சென்சார்ல அம்மோனியா விட்டா ரெசிஸ்டன்ஸ் ஏறுது, நிறுத்தின அப்புறம் பழைய அளவுக்கு இறங்க மாட்டேங்குது. சென்சார் கெட்டுப்போச்சா?

கெடல. நீங்க அனேகமா எம்.எஸ்சி இல்ல எம்.டெக் ப்ராஜெக்ட்ல இருப்பீங்க, கைடு "ரெகவரி (பழைய அளவுக்கு திரும்பறது) வரலையே, வேற சாம்பிள் போடு"ன்னு சொல்லியிருப்பார். எனக்கும் அதையேதான் சொன்னாங்க. பிஎச்டி முழுக்க அந்த ஒரு ரெகவரி கர்வோடதான் மல்லுக்கட்டினேன், அதனால இந்தக் கேள்விய பார்த்துட்டு சும்மா போக முடியல.

காத்துல இருக்கற செமிகண்டக்டிங் டியூப் பி-டைப், அதாவது அதுல கரண்ட்ட கடத்தறது ஹோல் (எலக்ட்ரான் இல்லாத காலி இடம்), பெரும்பாலும் மேல ஒட்டற ஆக்சிஜனோட வேலை அது. அம்மோனியா வந்து எலக்ட்ரான் குடுக்கும், ஹோல் குறையும், ரெசிஸ்டன்ஸ் ஏறும். தங்க எலக்ட்ரோடும் டியூபும் தொடற இடத்துலதான் எல்லாம் நடக்குதுன்னு ஒரு கட்சி இருக்கு, அவங்க கமென்ட்ல சண்டைக்கு வர வேண்டாம், ரெண்டும் சேர்ந்துதான்னு நானும் நினைக்கிறேன்.

ரெகவரி மெதுவா வர்றது ஆரம்பத்துலேர்ந்தே தெரிஞ்ச விஷயம். 2000ல ஸ்டான்ஃபோர்டுல ஹோங்ஜியே தாய் குழு சயின்ஸ் இதழ்ல போட்ட பேப்பர்லயே 1% அம்மோனியாவுக்கு கண்டக்டன்ஸ் (ரெசிஸ்டன்ஸோட தலைகீழ்) ஏறக்குறைய 100 மடங்கு குறைஞ்சுது, சென்சார் தானா பழைய நிலைக்கு மெதுவாத்தான் வந்துச்சு, இல்லேன்னா நல்லா சூடு பண்ண வேண்டியிருந்துச்சு. அவங்களுக்கே அப்படின்னா உங்க சாம்பிள் மட்டும் என்ன பாவம் பண்ணுச்சு?

என் ஃபிலிம்ல கேஸ நிறுத்தினதும் மீட்டர்ல நம்பர் கடகடன்னு இறங்கும், பாதியில அப்படியே தயங்கி நின்னு அப்புறம் கடைசி டிஜிட் மட்டும் ஒண்ணொண்ணா குறையும். சுத்தமான சுவர் அம்மோனியாவ லேசாத்தான் பிடிச்சுக்கும், அது உடனே போயிடும். டிஃபெக்ட்லயும் (சுவர்ல அணு அடுக்கு குலைஞ்ச இடம்) ஆசிட்ல கழுவும்போது வந்து ஒட்டற கார்பாக்சில் குரூப்லயும் மாட்டினதுதான் விடாது. நாங்க நைட்ரிக் ஆசிட்ல நல்லா ரிஃப்ளக்ஸ் பண்ணின (ஆவி வெளிய போகாம கொதிக்க வச்ச) டியூப் ரெஸ்பான்ஸ் அதிகமா குடுத்துச்சு, திரும்பி வர்றதுக்கு மத்த எல்லாத்தையும் விட லேட்டாச்சு. அந்த ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சு பார்த்தப்போதான் எனக்கு விஷயம் பிடிபட்டுச்சு, இன்னிக்கும் அந்த கிராஃப்ப நினைச்சா பெருமையா இருக்கு.

வெளிய எடுக்க சூடு ஒரு வழி, ஆனா பாலிமர் கோட்டிங் போட்டிருந்தா பார்த்து ஏத்துங்க. யுவி லைட் இன்னொரு வழி, நல்லாவே வேலை செய்யும், ஆனா அது ஆக்சிஜனையும் சேர்த்து பிச்சு எடுத்துடும், அதனால லைட்ட அணைச்ச அப்புறம் பேஸ்லைன் (கேஸ் இல்லாதப்போ இருக்கற அளவு) நகரும், அத ரெகவரின்னு எழுதிடாதீங்க. ஈரப்பதமும் இதே மாதிரி ஏமாத்தும். எங்க லேப்ல சாயங்காலம் ஏசி நிறுத்தினா கேஸே விடாம ரெசிஸ்டன்ஸ் நகர ஆரம்பிச்சுடும்.

எனக்கு ஆத்திரம் வர்ற இடம் ஒண்ணு இருக்கு. நிறைய பேப்பர்ல ரெஸ்பான்ஸ மட்டும் பெருசா போட்டுட்டு, மெதுவா இறங்கற கர்வோட வாலை வெட்டிடறாங்க, ஒவ்வொரு சைக்கிளுக்கும் பேஸ்லைன புதுசா ஜீரோ பண்ணிடறாங்க. தொழிற்சாலையில ஆள் சுவாசிக்கற அம்மோனியா ஒரு வேலை நாளோட சராசரியில 25 பிபிஎம்ம (பத்து லட்சத்துல 25 பங்கு) தாண்டக்கூடாதுங்கறது அமெரிக்காவோட வேலைப் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நியோஷோட பரிந்துரை. காலையில வந்த கசிவ சாயங்காலம் வரைக்கும் காட்டிக்கிட்டே இருக்கற சென்சார வச்சுக்கிட்டு அங்க என்ன பண்ணுவாங்க? இதையெல்லாம் நேர்மையா எழுதற பையனுக்கு பேப்பர் வராது, ஃபெலோஷிப்பும் நேரத்துக்கு வராது. மாசக்கணக்குல பணம் வராம ஹாஸ்டல் மெஸ் பில்லுக்கு ஊர்ல கடன் கேட்டவன் நான், அப்பவும் ஆர்கான் சிலிண்டர நாங்கதான் மூணாவது மாடிக்கு தூக்கணும், கேட்டா ரிசர்ச்னா அப்படித்தான்னு பதில் வரும்.

சரி, உங்க வேலைக்கு வரேன். அம்மோனியாவ மூடிட்டு அதே ஃப்ளோ ரேட்ல ட்ரை ஏர் மட்டும் விட்டு, வெளிய போற அம்மோனியாவ பிடிக்க அவுட்லெட்ட டைல்யூட் ஆசிட் பபிளர்ல போட்டுட்டு, ரெக்கார்டிங்க நிறுத்தாம விடிய விடிய ஓட விடுங்க. பக்கத்துலயே கேஸ் படாத இன்னொரு சாம்பிளையும் ஓட்டுங்க, கேஸ் இல்லாமலே தானா நகர்ற டிரிஃப்ட் எவ்வளவுன்னு தெரியும். கைடு கிட்ட அந்த முழு கர்வ காட்டுங்க, 90% திரும்ப எவ்வளவு நேரமாச்சுன்னு அதுல குறிச்சுட்டே காட்டுங்க.