வாசகர் கேள்வி பதில்: ஆளுமைக் கோட்பாடுகளுள் எது சரி?

கேள்வி: நான் முதுகலை உளவியல் பயிலும் மாணவி. ஆளுமை பற்றிய பாடத்தில் பிராய்டு, ஆல்போர்ட், ரோஜர்ஸ், பண்டூரா என்று இயலுக்கு ஒருவர் வருகிறார். ஒவ்வொருவரும் தமக்கு முன்னால் வந்தவரை மறுக்கிறார். இவர்களுள் யார் சொல்வது சரி? தவறு என்று ஒதுக்கப்பட்டவர்களை நாங்கள் ஏன் இன்னும் படிக்க வேண்டும்?

பதில்: இவை யாவும் ஒரே வினாவுக்கு எழுதப்பட்ட வெவ்வேறு விடைகள் என்று பாடநூல்கள் அடுக்கிவைப்பதால்தான் இந்தக் குழப்பம் எழுகிறது. ஒவ்வோர் இயலைத் திறக்கும்போதும், "இவர் யாரைப் பார்த்து இதை எழுதினார்?" என்று முதலில் கேட்டுப் பாருங்கள். ஒரு கோட்பாடு எதுவரை செல்லும், எங்கே நின்றுவிடும் என்பது பெரும்பாலும் அந்த விடையிலேயே தெரிந்துவிடும்.

சிக்மண்ட் பிராய்டு பார்த்தது, வியன்னாவில் தம்மிடம் சிகிச்சைக்கு வந்தவர்களை. அவர்கள் சொல்ல மறுத்தவையும், மறந்தவையும், கனவில் கண்டவையுமே அவருக்குச் சான்றுகள். 1923-இல் வெளியான நூலில் அவர் மனத்தை இட், ஈகோ, சூப்பர் ஈகோ என்று மூன்றாகப் பகுத்தார். உடனடி நிறைவைக் கோரும் உந்துதலுக்கும், பெற்றோரிடமிருந்து உள்வாங்கிய கண்டிப்புக்கும், புறவுலகின் நெருக்கடிக்கும் நடுவே ஈகோ செய்துகொள்ளும் சமரசங்களின் தொகுப்பே ஒருவருடைய ஆளுமை என்பது இதன் சாரம். துன்பத்தில் உழல்பவர்களை ஆண்டுக்கணக்கில் அருகிருந்து கேட்டவருக்கு மனம் ஒரு போர்க்களமாகத் தோன்றியதில் வியப்பில்லை. ஆனால் இந்தக் கோட்பாட்டை எந்த நடத்தையாலும் பொய்யாக்க முடியாது என்பதே இதன் பெருங்குறை. தந்தையை ஒருவர் வெறுத்தால் அது உள்மோதலின் வெளிப்பாடு. அளவுக்கு மீறிப் போற்றினால் அதே வெறுப்பை மறைக்கும் எதிர்வினை. இருந்தபோதிலும், மனத்தின் வேலைகளுள் பெரும்பங்கு நம் கவனத்துக்கு எட்டாமலே நடந்துமுடிகிறது என்ற அவரது அடிப்படைக் கருத்தை, அவரது மற்றக் கருத்துகளைக் கைவிட்ட ஆய்வாளர்களும் கைவிடவில்லை. 1911-இல் அவரிடமிருந்து பிரிந்த ஆட்லர் தாழ்வுணர்ச்சியையும் சமூக உறவுகளையும் முன்னிறுத்தினார். எரிக்சன் 1950-இல் வளர்ச்சியை முதுமைவரை நீட்டி எட்டுக் கட்டங்களாக்கினார். எனினும் இவர்களுடைய சான்றுகளும் பெரும்பாலும் சிகிச்சை அறையிலிருந்தும் தனிமனிதர் வரலாறுகளிலிருந்தும் வந்தவையே.

1920-இல் நடந்த ஒரு சந்திப்பைப் பிற்காலத்தில் கார்டன் ஆல்போர்ட் நினைவுகூர்ந்திருக்கிறார். இருபத்திரண்டு வயது இளைஞராக அவர் பிராய்டைக் காணச் சென்றார். பிராய்டு எதுவும் பேசாமல் அமர்ந்திருக்கவே, மௌனத்தைக் கலைப்பதற்காக, வரும் வழியில் டிராம் வண்டியில் கண்ட ஒரு காட்சியை இளைஞர் சொன்னார்: நான்கு வயதுச் சிறுவன் ஒருவன் எல்லாம் அழுக்காக இருக்கிறது என்று அஞ்சி, அழுக்கானவர் எவரும் தன் அருகில் உட்காரக் கூடாதென்று தாயிடம் அடம்பிடித்துக்கொண்டிருந்தான், தாயோ கஞ்சி போட்ட உடையில் விறைப்பாக இருந்தார். கேட்டு முடித்த பிராய்டு கனிவோடு வினவினார்: "அந்தச் சிறுவன் நீங்கள்தானா?" பேச்சுக்குப் பொருள் தேடித் தவித்த ஓர் இளைஞரின் சங்கடத்தை, ஆழ்மனத்து அச்சத்தின் வாக்குமூலமாக அவர் எடுத்துக்கொண்டார். ஆழத்தைத் துழாவும் முன்பு, மனிதர்கள் வெளிப்படையாகக் காட்டும் நோக்கங்களை உளவியல் பொருட்படுத்த வேண்டும் என்ற பாடத்தை ஆல்போர்ட் அன்று கற்றார்.

அவர் பார்த்தது நோயாளிகளை அன்று; அகராதியை. மனிதர்களிடையே முக்கியமான வேறுபாடு ஒன்று இருக்குமானால் அதற்கு மொழி ஒரு சொல்லை உண்டாக்கியிருக்கும் என்ற நம்பிக்கையில், 1936-இல் அவரும் ஓட்பெர்ட்டும் ஒரு பெரிய ஆங்கில அகராதியிலிருந்து மனிதரை விவரிக்கும் 17,953 சொற்களைத் திரட்டினார்கள். கேட்டெல் அப்பட்டியலைக் குறுக்கிக் காரணிப் பகுப்பாய்வு என்னும் புள்ளியியல் முறையால் பதினாறு பண்புக்கூறுகளுக்குக் கொண்டுவந்தார். 1961-இல் டியூப்ஸ், கிறிஸ்டல் ஆகிய இருவர் அமெரிக்க விமானப்படைக்காகத் தரவுகளை மீண்டும் அலசியபோது, ஐந்து காரணிகளே திரும்பத் திரும்பத் தலைகாட்டின. புதுமை நாட்டம், கடமையுணர்வு, புறமுகத்தன்மை, இணக்கம், உணர்ச்சிக் கொந்தளிப்பு என்று இன்று நீங்கள் படிக்கும் ஐந்து பெரும் பண்புக்கூறுகள் இவற்றின் வழிவந்தவைதாம்.

அளவீட்டில் இதற்கு நிகரான கோட்பாடு இப்போது இல்லை என்பதே என் கருத்து. ஆனால் இது ஏன் என்ற கேள்விக்கு மிகக் குறைவாகவே விடை சொல்கிறது. கடமையுணர்வு மிகுந்தவர் வேலையைக் காலத்தில் முடிக்கிறார், காலத்தில் முடிப்பதால் அவரைக் கடமையுணர்வு மிகுந்தவர் என்கிறோம் என்றால், ஒரே இடத்தைச் சுற்றிவந்திருக்கிறோம். மேலும், எழுத்தறிவு பரவிய தொழில்மயச் சமூகங்களில் பெரும்பாலும் சோதிக்கப்பட்ட இந்த ஐந்து, 2013-இல் வெளியான ஆய்வில், பொலிவியாவில் வேட்டையும் சிறு வேளாண்மையும் செய்து வாழும் சிமானே மக்களிடம் அதே வடிவில் கிடைக்கவில்லை.

கார்ல் ரோஜர்ஸ் பார்த்தது, சற்றுத் தேறிவரும் மனிதர்களை. சிகிச்சை உரையாடல்களை ஒலிப்பதிவு செய்து, பிறர் சரிபார்க்கும்படி வெளியிட்ட முன்னோடிகளுள் அவர் ஒருவர் என்பதைப் பாடநூல்கள் போதிய அளவு சொல்வதில்லை. அவருடைய குழுவினர் சிகிச்சைக்கு வந்தவர்களிடம் தன்னைப் பற்றிய கூற்றுகள் எழுதிய அட்டைகளைக் கொடுத்து, "நான் எப்படி இருக்கிறேன்" என்று ஒருமுறையும், "எப்படி இருக்க விரும்புகிறேன்" என்று ஒருமுறையும் அடுக்கச் செய்தார்கள். சிகிச்சைக்குப் பின் இரண்டு அடுக்குகளும் ஒன்றையொன்று நெருங்கிவந்தன. சிகிச்சைக்கு வருபவரை எடைபோடாமல் அப்படியே ஏற்க வேண்டும் என்னும் நிபந்தனையற்ற ஏற்பு என்ற அவரது கருத்துக்குப் பின்னால் வெறும் நல்லெண்ணம் மட்டும் இருக்கவில்லை. மாஸ்லோவுக்கு இந்த அளவு மதிப்பெண் தர எனக்கு மனமில்லை. தன்னிறைவு எய்தியவர்கள், அதாவது தம் ஆற்றலை முழுமையாக வெளிக்கொணர்ந்தவர்கள், என்று தாமே மெச்சியவர்களைத் தேர்ந்தெடுத்து, அவர்களிடம் தாம் மெச்சும் பண்புகள் இருப்பதை அவர் கண்டறிந்தார். மனிதத் தேவைகளைப் படிப்படியாக அடுக்கிக் காட்டும், அவர் பெயரோடு ஒட்டிக்கொண்ட பிரமிடுகூட அவரது 1943-ஆம் ஆண்டுக் கட்டுரையில் இல்லை.

ஸ்கின்னர் எலிகளையும் புறாக்களையும் பார்த்தார். ஆதலால் ஆளுமை என்றே ஒன்று அவருக்குத் தேவைப்படவில்லை, வெகுமதியால் நிலைபெற்ற நடத்தைகள் போதுமாயிருந்தன. பண்டூரா பார்த்ததோ ஒருவரையொருவர் பார்த்துக் கற்கும் குழந்தைகளை. 1961-இல் அவர் நடத்திய சோதனையில், பெரியவர் ஒருவர் காற்றடைத்த பொம்மையைத் தாக்குவதைக் கண்ட மழலையர், தங்களுக்கு எந்த வெகுமதியும் கிடைக்காதபோதும் அதே போலத் தாக்கினார்கள். மனிதர், நடத்தை, சூழல் ஆகிய மூன்றும் ஒன்றையொன்று மாற்றிக்கொண்டே இருக்கின்றன என்ற அவரது நிலைப்பாடும், "என்னால் இது முடியும்" என்ற நம்பிக்கையே முயற்சியின் அளவைத் தீர்மானிக்கிறது என்று 1977-இல் அவர் முன்வைத்த கருத்தும் இன்றைய ஆய்வுகளில் உயிரோடு இருக்கின்றன. ஆகவே, தேர்வில் எதை எழுதினாலும், ஒவ்வொரு கோட்பாட்டோடும் அதன் சான்று எங்கிருந்து வந்தது என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.

கேள்வி: எங்கள் அலுவலகத்தில் மனிதர்களைப் பதினாறு வகைகளாகப் பிரிக்கும் ஆளுமைத் தேர்வு ஒன்றை நடத்தினார்கள். சென்ற ஆண்டு என்னை அகமுகர் (ஒதுங்கியிருக்க விரும்புபவர்) என்றது. இந்த ஆண்டு புறமுகர் (கலகலப்பாகப் பழகுபவர்) என்கிறது. இரண்டு முறையும் விவரணை அப்படியே எனக்குப் பொருந்தியது! நான் மாறிவிட்டேனா?

பதில்: நீங்கள் மாறியிருக்க வேண்டிய தேவையே இல்லை. இத்தகைய தேர்வுகளின் வேர், சுவிஸ் உளவியலாளர் யுங் 1921-இல் வெளியிட்ட உளவியல் வகைகள் பற்றிய நூல். அதைத் தழுவி, அமெரிக்காவில் கேத்தரின் பிரிக்ஸும் அவருடைய மகள் இசபெல் மையர்ஸும் இதற்கான வினாத்தாளை உருவாக்கினார்கள். அகமுகம், புறமுகம் என்ற வேறுபாடு மெய்யானதுதான். ஐந்து பெரும் பண்புக்கூறுகளிலும் அதற்கு இடமுண்டு. கோளாறு, அதை இரண்டு பெட்டிகளாக்கியதில் இருக்கிறது. உயரத்தைப் போலவே இப்பண்பிலும் பெரும்பாலோர் நடுவில்தான் இருக்கிறார்கள். நடுவில் ஒரு கோடு கிழித்து இப்பக்கம் நெட்டையர், அப்பக்கம் குட்டையர் என்றால், கோட்டை ஒட்டி நிற்பவர் ஒரு சிறு அசைவிலும் கட்சி மாறிவிடுவார். இருபது வினாக்களில் ஒன்பதுக்கு "ஆம்" என்றவர் அகமுகர் என்றும், பதினொன்றுக்கு "ஆம்" என்றவர் புறமுகர் என்றும் வைத்துக்கொண்டால், தூக்கம் கெட்ட ஒரு நாளில் இரண்டு விடைகள் மாறினாலே உங்கள் வகை மாறிவிடும்.

இரண்டு விவரணைகளும் பொருந்தியதற்குக் காரணம் வேறு. 1948-இல் பெர்ட்ராம் ஃபோரர் என்ற உளவியல் பேராசிரியர் தம் மாணவர்கள் 39 பேருக்கு ஆளுமைத் தேர்வு வைத்து, ஒரு வாரம் கழித்து முடிவுகளைத் தந்தார். தமக்குரிய விவரணை எவ்வளவு துல்லியம் என்று மதிப்பிடச் சொன்னபோது, சராசரி ஐந்துக்கு நான்கைத் தாண்டியது. பிறகுதான் அனைவரிடமும் இருந்தது ஒரே தாள் என்பது தெரியவந்தது. வாக்கியங்களைக் கடையில் விற்ற ஒரு சோதிட நூலிலிருந்து அவர் எடுத்திருந்தார். சில வேளைகளில் நீங்கள் கலகலப்பாகப் பழகுகிறீர்கள், சில வேளைகளில் ஒதுங்கியிருக்கிறீர்கள் என்ற பொருளில் அதில் ஒரு வாக்கியம் உண்டு. அது யாருக்குத்தான் பொருந்தாது? சக ஊழியர்களோடு பேச்சைத் தொடங்க இத்தேர்வு உதவினால் உதவட்டும். பணியமர்த்தவோ பதவி உயர்த்தவோ இதைப் பயன்படுத்துவதை நான் ஏற்க மாட்டேன்.

கேள்வி: என் மகன் வீட்டில் வாய் திறப்பதில்லை. பள்ளியிலோ அவனை அடக்க முடியவில்லை என்று ஆசிரியர்கள் சொல்கிறார்கள். இவற்றுள் எது அவனுடைய உண்மையான ஆளுமை?

பதில்: இரண்டுமே. உங்கள் கேள்வி இத்துறையை இருபது ஆண்டுகளுக்கும் மேலாக உலுக்கிய கேள்வி. 1928-இலேயே ஹார்ட்ஷார்ன், மே என்ற இருவர் ஆயிரக்கணக்கான பள்ளிக் குழந்தைகளுக்கு ஏமாற்றவும் பொய் சொல்லவும் வாய்ப்பளித்துப் பார்த்தார்கள். தேர்வில் விடையைத் திருத்திய குழந்தை விளையாட்டிலும் ஏமாற்றும் என்று சொல்ல முடியாமல் போயிற்று. 1968-இல் வால்டர் மிஷெல், ஆளுமைத் தேர்வின் மதிப்பெண்ணுக்கும் ஒரு குறிப்பிட்ட சூழலில் வெளிப்படும் நடத்தைக்கும் உள்ள ஒட்டுறவு (0 என்றால் தொடர்பே இல்லை, 1 என்றால் முழுத் தொடர்பு) ஏறத்தாழ 0.3-ஐத் தாண்டுவதில்லை என்று எழுதியபோது, பண்புக்கூறு என்பதே கண்கட்டு வித்தையோ என்ற ஐயம் பரவியது. ஒரே ஒரு செயலைப் பார்க்காமல் பல நாள் நடத்தையின் சராசரியைப் பார்த்தால் நிலைத்தன்மை தெளிவாகத் தெரிகிறது என்று 1979-இல் எப்ஸ்டீன் காட்டிய பிறகே அந்த ஐயம் ஓரளவு தணிந்தது.

மிஷெலும் ஷோடாவும் கோடை முகாமில் குழந்தைகளை வாரக்கணக்கில் உற்றுநோக்கிக் கண்டதுதான் உங்களுக்கு அதிகம் பயன்படும். ஒரு குழந்தை சக வயதினர் சீண்டினால் சீறியது, பெரியவர் கண்டித்தால் அடங்கியது. இன்னொன்று சீண்டலைப் பொருட்படுத்தாது, பெரியவர் கண்டித்தால் வெகுண்டது. மொத்தக் கோபத்தின் அளவு இருவருக்கும் ஒன்றாக இருந்தாலும், எப்போது என்பதில் வேறுபட்டார்கள். அந்த "இப்படி நடந்தால் இப்படிச் செய்வான்" என்ற கோலம் ஒவ்வொரு குழந்தையிடமும் நிலையாக இருந்தது. எனவே ஆசிரியரிடம் அவன் எப்படிப்பட்டவன் என்று கேளாதீர்கள். எந்தப் பாடவேளையில், யார் அருகிலிருக்கும்போது, என்ன நடந்த பிறகு அடங்க மறுக்கிறான் என்று கேளுங்கள். வீட்டில் அவன் மௌனம் யார் முன்னிலையில் நீள்கிறது என்பதையும் கவனியுங்கள்.

கேள்வி: முப்பது வயதுக்கு மேல் குணம் மாறாது என்கிறார்களே? அது பிறவியிலேயே அமைந்துவிடுகிறதா?

பதில்: முப்பதைத் தாண்டினால் குணம் சுண்ணச்சாந்துபோல் இறுகிவிடும் என்று 1890-இல் எழுதியவர் வில்லியம் ஜேம்ஸ். அது அவருடைய கருத்து. அளந்து பார்த்த முடிவு அன்று. ஒரே மனிதர்களை ஆண்டுக்கணக்கில் பின்தொடர்ந்த 92 ஆய்வுத் தொகுதிகளை ராபர்ட்ஸும் உடனாய்வாளர்களும் 2006-இல் ஒன்றுசேர்த்துப் பார்த்தபோது, வயது ஏற ஏறக் கடமையுணர்வும் மன உறுதியும் சராசரியாகக் கூடுவதையும், அந்த மாற்றம் இருபதுக்கும் நாற்பதுக்கும் இடையில்தான் மிகுதியாக நிகழ்வதையும் கண்டார்கள். சிகிச்சை பற்றிய 207 ஆய்வுகளைத் தொகுத்த 2017-ஆம் ஆண்டுக் கட்டுரை, சராசரியாக 24 வாரங்களிலேயே உணர்ச்சிக் கொந்தளிப்புக் குறிப்பிடத்தக்க அளவு குறைவதைக் காட்டியது.

பிறவியைப் பொறுத்தவரை, இரட்டையர் ஆய்வுகளின்படி மனிதர்களிடையே உள்ள ஆளுமை வேறுபாட்டில் ஏறக்குறைய பாதி மரபணு வேறுபாட்டோடு தொடர்புடையது. இது மக்கள்தொகையைப் பற்றிய கணக்கு. உங்கள் குணத்தில் பாதி தாய்தந்தையர் தந்தது என்று இதற்குப் பொருளில்லை. மீதிப் பாதியிலும், ஒரே வீட்டில் வளர்ந்ததன் பங்கு வியப்பளிக்கும் அளவுக்குச் சிறியது. ஒரே கூரையின்கீழ் வளர்ந்த உடன்பிறப்புகள் குணத்தில் எதிரெதிராக நிற்பதைப் பார்த்துப் பெற்றோர் தம்மை நொந்துகொள்வதற்கு, இந்த ஆய்வுகள் எந்த ஆதாரமும் தரவில்லை.