இடுப்பு பெல்ட் போட்டால் போதுமா, சிஸ்டர்?

கேள்வி: எனக்கு வயது 34. பொது மருத்துவ வார்டில் 11 வருடமாக ஸ்டாஃப் நர்ஸ். ஆறேழு மாதமாகக் கீழ் இடுப்பில் வலி. டியூட்டி முடியும் நேரத்தில் வலது பிட்டம் வரை இறங்குகிறது. எம்.ஆர்.ஐ.யில் எல்4-எல்5 டிஸ்க் (கீழ் முதுகெலும்புகளுக்கு நடுவில் மெத்தை போல இருக்கும் வட்டு) பிதுங்கியிருப்பதாகச் சொன்னார்கள். முட்டியை மடக்கித் தூக்குகிறேன், பெல்ட்டும் போடுகிறேன். வலி குறையவில்லை. வேலையை விட்டுவிடலாமா?

பதில்: இந்த வலிக்காக வேலையை விட வேண்டாம், சிஸ்டர். முதலில் அந்த ரிப்போர்ட் பயத்தைப் போக்கிவிடுகிறேன். முதுகு வலியே இல்லாத 30 வயதுக்காரர்களுக்கு ஸ்கேன் எடுத்தாலும் பத்தில் நான்கு பேருக்கு டிஸ்க் பிதுக்கம் தெரியும். 40 வயதில் அது பாதிப்பேராகிவிடும். அதனால் பிதுக்கம் இருக்கிறது என்பதற்காக முதுகு கெட்டுப்போய்விட்டது என்று எண்ண வேண்டாம். ஆனால் சிறுநீர் அடைபட்டாலோ தானாகப் போனாலோ, பிறப்புறுப்பைச் சுற்றி மரத்துப்போனாலோ, கால் பலமிழந்தாலோ அன்றைக்கே அவசரப் பிரிவுக்குப் போய்விடுங்கள். வலியோடு காய்ச்சலோ, காரணமில்லாத எடைக் குறைவோ இருந்தாலும் டாக்டரிடம் உடனே காட்ட வேண்டும்.

பெல்ட் விஷயம். அது காயத்தைத் தடுக்கும் என்பதற்குப் போதிய ஆதாரம் இல்லை என்று அமெரிக்காவின் பணிப் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நையோஷ் 1994லேயே சொல்லிவிட்டது. வலி கடுமையாக இருக்கும் இரண்டு மூன்று நாள் இதமாக இருந்தால் போட்டுக்கொள்ளுங்கள், போதும்.

முட்டியை மடக்கித் தூக்குவது பெட்டி தூக்குகிறவர்களுக்கான அறிவுரை. பெட்டியை நெஞ்சோடு அணைத்துக்கொள்ளலாம், அது நடுவில் திமிறாது. நோயாளி அப்படியா? கட்டில் குறுக்கே நிற்கும், கையை எட்டி நீட்ட வேண்டும், பாதித் தூக்கலில் அவர் பயந்து நம் கழுத்தைப் பிடித்துவிடுவார். சாதாரணச் சுமைக்கு 23 கிலோவை மேல்வரம்பாக வைத்த நையோஷ் கணக்கு, நோயாளியைக் கையாளும்போது சுமார் 16 கிலோவாக இறங்குகிறது. அதுவும் எல்லாம் சாதகமாக இருந்தால்தான். 60 கிலோ மனிதரின் ஒரு கால் மட்டுமே 9, 10 கிலோ வரும். கட்டுப் போட அந்தக் காலை நீட்டிய கையில் ஏந்தி நிற்பதே முதுகுக்குப் பெரிய வேலை. பயிற்சி வகுப்பு மட்டும் நடத்தி இந்த வலியைத் தடுக்க முடியவில்லை என்பதுதான் ஆய்வுகளில் தெரிந்தது. தூக்கும் விதத்தைத் திருத்துவதைவிட, தூக்குவதையே குறைப்பதுதான் வழி.

சரி, வார்டில் என்ன செய்வது? நான் பார்த்தவரை இடுப்பை அதிகம் வாங்குவது, கட்டிலில் கீழே சரிந்துவிட்ட நோயாளியை மேலே இழுக்கும் வேலைதான். ஒரு டியூட்டியில் எத்தனை முறை என்று எண்ணிப் பாருங்கள். அவர் ஏன் சரிகிறார்? சாப்பாட்டுக்காகத் தலைப்பக்கத்தை மட்டும் உயர்த்துகிறோம், அவர் வழுக்கி இறங்குகிறார். டாக்டர் தடை சொல்லாத நோயாளிக்கு, கால்மாட்டில் இருக்கும் கைப்பிடியைச் சுற்றி முதலில் முட்டிப் பக்கத்தைக் கொஞ்சம் உயர்த்துங்கள். அப்புறம் தலைப்பக்கம். சரிவது நன்றாகக் குறையும்.

அப்படியும் சரிந்தால், தலைப்பக்கத்தை மட்டமாக இறக்காமல் இழுக்காதீர்கள். இறக்காவிட்டால் மேட்டில் இழுப்பது போலத்தான். நினைவோடு இருப்பவரிடம், “ஐயா, முட்டியை மடக்கிக் குதிகாலை ஊன்றித் தள்ளுங்க” என்று சொல்லுங்கள். பாதி பாரத்தை அவரே எடுத்துக்கொள்வார். இரு பக்கமும் ஆள் நின்று, ட்ரா ஷீட்டின் (நோயாளிக்கு அடியில் குறுக்கே விரித்திருக்கும் துணி) ஓரத்தை நோயாளியின் உடம்பை ஒட்டும்வரை சுருட்டிப் பிடியுங்கள். ஒரு கால் முன்னே, ஒரு கால் பின்னே. மூன்று எண்ணியதும் உடம்பின் பாரத்தைத் தலைமாட்டுப் பக்கம் இருக்கும் உங்கள் காலுக்கு மாற்றுங்கள். கை தூக்கக் கூடாது, ஷீட் நகர வேண்டும். உயரம் மாற்ற முடியாத கட்டிலில் எட்ட வேண்டியிருந்தால் ஒரு முட்டியைக் கட்டில் ஓரத்தில் ஊன்றிக்கொள்ளலாம். நைட் டியூட்டியில் ஆள் இல்லை என்பது எனக்குத் தெரியும். ஆனாலும் பக்கத்து வார்டு சிஸ்டரையோ அட்டெண்டரையோ கூப்பிட ஐந்து நிமிடம் காத்திருங்கள். மூச்சுத்திணறல் போன்ற அவசரம் இல்லாதவரை அந்த ஐந்து நிமிடத்தில் நோயாளிக்கு ஒன்றும் ஆகாது.

வீட்டில் படுத்தே கிடக்க வேண்டாம், அது வலியை நீட்டிக்கும். தினமும் நடங்கள். நாற்காலியிலிருந்து கை ஊன்றாமல் பத்து முறை எழுந்து உட்காருங்கள். வலி காலுக்குள் இன்னும் கீழே இறங்கினால் நிறுத்திவிட்டு, ஒரு பிசியோதெரபிஸ்டிடம் நேரில் காட்டுங்கள்.

இன்னொன்று. வலி எந்த வேலையின்போது, எந்தத் தேதியில் கூடியது என்று எழுதி நர்சிங் சூப்பரின்டெண்டென்ட்டிடம் கொடுங்கள். வாய்வார்த்தையாகச் சொன்னால் மறந்துபோகும். வழுக்கும் நைலான் துணியில் தைத்த ஸ்லைடு ஷீட் என்று ஒன்று உண்டு, துவைத்துத் துவைத்துப் பயன்படுத்தலாம். வெறும் மெத்தையில் உரசி இழுத்தால் நோயாளியின் முதுகுத் தோல் கிழிந்து படுக்கைப் புண்ணாகும், இதில் அந்த உராய்வு குறைவு. இந்தக் காரணத்தையே முன்வைத்து, அடுத்த இண்டென்ட்டில் (பொருள் கேட்டு அனுப்பும் பட்டியல்) வார்டுக்கு இரண்டு கேட்டு எழுதுங்கள்.