காசு போடாமல் போக்கிமான் டிசிஜி பாக்கெட்டில் ஜெயிக்கிற டெக் கட்ட முடியுமா?

முடியும். போனில் ஆடுகிற கார்டு விளையாட்டு இது, 20 கார்டு சேர்ந்த கட்டுக்குப் பெயர்தான் டெக். இரண்டு மாதமாக விளையாடுவதாகவும், நல்ல ஈஎக்ஸ் கார்டு (பலம் கூடிய வகை) ஐந்தாறு கையில் இருந்தும் தோற்றுக்கொண்டே இருப்பதாகவும், காசு போட வசதியில்லை என்றும் எழுதியிருக்கிறீர்கள். அந்த ஐந்தாறையும் ஒரே டெக்கில் போட்டிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். அப்படியென்றால் கார்டு போதாமல் நீங்கள் தோற்கவில்லை, கூடிப்போய்த்தான் தோற்கிறீர்கள்.

எனக்கு இலங்கை மலையகத்தில் மஸ்கெலியாப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டம், அதன் கீழ்ப்பிரிவான பணியக்கணக்கு. அம்மா கொழுந்து எடுக்கிறார். 2024 கடைசியில் நாள் சம்பளம் 1,350 ரூபாய், கிலோ நிறையாத நாளில் அரைப்பேர், அதாவது பாதிச் சம்பளம்தான். அந்தக் காசு வரும் வீட்டில் உட்கார்ந்துகொண்டு விளையாட்டுக் கார்டு வாங்க எனக்கு மனசு வராது. ஒரு ரூபாய்கூடப் போடவில்லை. "அப்ப ஏன் விளையாடணும்?" என்று கேட்க ஆள் இருக்கிறார்கள் என்று தெரியும். எங்கள் வீட்டிலும் கார்டு என்றதும் காசு கட்டி ஆடுவது என்றுதான் அப்பா முதலில் நினைத்தார். பக்கத்தில் உட்காரவைத்து ஒரு ஆட்டம் காட்டினேன், அதற்குப் பிறகு எதுவும் சொன்னதில்லை. நாள் முழுக்க ஹார்ட்வெயார் கடையில் சிமெந்து மூட்டை தூக்கிவிட்டு வருகிறவன் அரை மணி நேரம் யோசித்து விளையாடுவது தப்பில்லை.

காசு போடாதவருக்கு ஒரு நாளைக்கு இரண்டு பேக் (கார்டுப் பொதி), 12 மணி நேரத்துக்கு ஒன்று. இரண்டு சேர்ந்ததும் கடிகாரம் நின்றுவிடும், திறக்காமல் விட்டால் அந்த நேரம் வீண். லயத்தில் (தோட்டத் தொழிலாளர் வீட்டு வரிசை) சிக்னல் இல்லாததால் நான் டவுனில் மதியச் சாப்பாட்டு நேரத்தில் இரண்டையும் திறந்துவிடுவேன். ஒரு பேக் திறந்தால் 5 பாயிண்ட் சேரும், ஒரு ஈஎக்ஸ் கார்டை நேராக எடுக்க 500 பாயிண்ட். அதாவது 100 பேக், 50 நாள். அந்தப் பாயிண்ட் எந்த செட்டில் (ஒன்றாக வெளியாகிற கார்டுத் தொகுதி) திறந்தீர்களோ அந்த செட்டுக்கு மட்டும்தான் செல்லும். இதைக் கவனிக்காமல்தான் காசில்லாதவர்கள் நிறையப் பேர் கெட்டுப்போகிறார்கள். 2024 டிசம்பரில் மித்திக்கல் ஐலண்ட் என்ற புது செட் வந்தபோது எங்கள் லயத்துப் பையன்கள் எல்லாரும் அந்தப் பக்கம் தாவினார்கள். இங்கே 200, அங்கே 150 என்று பாயிண்ட் சிதறி, யாருக்கும் எதுவும் எடுக்க முடியவில்லை. நான் முதல் செட்டான ஜெனடிக் ஏப்பெக்ஸிலேயே நின்றேன். பேக்கில் ஒரு மியூட்டூ ஈஎக்ஸ் விழுந்திருந்தது, கார்டெவுவார் இரண்டும் விழுந்துவிட்டன. இரண்டாவது மியூட்டூவைப் பொங்கலுக்கு இரண்டு நாள் இருக்கும்போது 500 பாயிண்ட் கொடுத்து எடுத்தேன்.

20 கார்டு இதுதான்: மியூட்டூ ஈஎக்ஸ் 2, ரால்ட்ஸ் 2, கிர்லியா 2, கார்டெவுவார் 2. ரால்ட்ஸ்தான் கிர்லியாவாகி, பிறகு கார்டெவுவாராக வளரும். மற்ற 12ம் ட்ரெய்னர், அதாவது சண்டை போடாத உதவிக் கார்டு. புரொபசர்ஸ் ரிசர்ச், போக்கி பால், எக்ஸ் ஸ்பீட், போஷன், சப்ரீனா, ஜியோவானி, எல்லாமே இரண்டிரண்டு. இதில் முதல் நான்கையும் விளையாட்டுக்குள் இருக்கிற கடையில் டிக்கெட்டுக்கே எடுக்கலாம். மியூட்டூவின் பெரிய அடி 150, அதற்கு 4 எனர்ஜி (அடிக்கத் தேவையான சக்தி) வேண்டும், அடித்ததும் 2 எனர்ஜி போய்விடும். ஒவ்வொரு டேர்னிலும் (நம் முறை வரும்போது) வழக்கமாகப் போடுகிற ஒன்றோடு கார்டெவுவார் கொடுக்கிற ஒன்றும் சேர்ந்து அந்த இரண்டும் அடுத்த டேர்னிலேயே திரும்பிவிடும். டெக் முழுக்க இந்த ஒரே வேலைக்காகத்தான்.

ஆரம்பத்தில் நானும் ஜின்க்ஸ் என்ற போக்கிமான் இரண்டு போட்டிருந்தேன், நல்ல கார்டுதானே என்று. பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை பழைய கொப்பியில் கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஆரம்பக் கையில் ஒரு பேசிக்காவது (வேறொன்றிலிருந்து வளராமல் நேராக இறக்கக்கூடிய போக்கிமான்) கட்டாயம் வரும். வந்தது ஒரு மியூட்டூ மட்டும் என்று வையுங்கள். டெக்கில் மிச்சம் ஒரு மியூட்டூவும் இரண்டு ரால்ட்ஸும். போக்கி பால் போட்டால் அந்த மூன்றில் ஒன்று வரும், ரால்ட்ஸ் வர மூன்றில் இரண்டு பங்கு வாய்ப்பு. ஜின்க்ஸ் இரண்டும் இருந்தால் அதுவே ஐந்தில் இரண்டு. 67 சதவீதம் 40க்கு இறங்குகிறது. ஜின்க்ஸ் மோசமான கார்டு இல்லை, ஆனால் ரால்ட்ஸ் வரவேண்டிய இடத்தில் வந்து நிற்கிறது. அன்றைக்கே எடுத்துவிட்டேன்.

பொங்கலுக்குக் கொழும்பிலிருந்து மாமா மகன் வந்தான். புறக்கோட்டையில் துணிக்கடை வேலை, சம்பளத்தில் பாதியை இந்த விளையாட்டில் போட்டதாக அவனே சொன்னான். இரவு சாப்பிட்டுவிட்டுக் கோயில் படிக்கட்டுக்குப் போனோம். இரண்டு கோடாவது சிக்னல் விழுவது அங்கேதான். சீசன் காலம், சிவனொளிபாத மலைக்கு ஏறுகிற வழி முழுக்க லைட் எரிந்துகொண்டிருந்தது. குளிரில் விரல் போனில் சரியாகப் படவில்லை.

அவனிடம் சரிசார்ட் ஈஎக்ஸ், மோல்ட்ரெஸ் ஈஎக்ஸ், ஆர்க்கனைன் ஈஎக்ஸ், போதாததற்குக் கங்காஸ்கான் இரண்டு. பேசிக் மட்டும் எட்டு. முதல் ஆட்டம் அவனுக்கு. மோல்ட்ரெஸ் காசு சுண்டியதில் மூன்றும் தலை விழுந்து மூன்று எனர்ஜி சேர்ந்தது, சரிசார்ட் 200 அடித்து முடித்தான். இரண்டாவது எனக்கு. மூன்றாவதில் அவனுக்குச் சரிசார்டாக வளர வேண்டிய சார்மாண்டர் வரவே இல்லை. போக்கி பால் போட்டான், கங்காஸ்கான் வந்தது. இன்னொன்று போட்டான், இன்னொரு கங்காஸ்கான். எனக்குக் கார்டெவுவார் இறங்கிவிட்டது. மோல்ட்ரெஸுக்கு உயிர் 140, ஒரே அடி. ஈஎக்ஸ் ஒன்றை வீழ்த்தினால் 2 பாயிண்ட் (இது ஆட்டத்துக்குள் எண்ணுகிற பாயிண்ட், பேக் பாயிண்ட் இல்லை). அடுத்து ஆர்க்கனைனை முன்னால் விட்டான். அதற்கு 150. அடுத்த டேர்னிலேயே மறுபடி 150 அடிக்க முடியும் என்று அவன் எதிர்பார்க்கவில்லை. ஜெயிக்க மூன்று பாயிண்ட் போதும், எனக்கு நான்கு.

என் போனை வாங்கி டெக்கைப் பார்த்தான். "மச்சான், எட்டே எட்டு போக்கிமானா? மத்தது எல்லாம் ட்ரெய்னரா?" என்றான். "ஆமாடா, உன் டெக்கையும் குடு" என்று வாங்கி, கங்காஸ்கான் இரண்டையும் ஆர்க்கனைன் குடும்பம் நான்கையும் எடுத்தேன். "டேய், அந்த ஆர்க்கனைனுக்கு நான் எவ்வளவு குடுத்தேன் தெரியுமா" என்று கையைப் பிடித்தான். அந்த விலைதான் அவனை அதை டெக்கில் வைத்திருக்கச் செய்தது. எனக்கு அந்தப் பாரம் இல்லை.

மூன்றே ஆட்டத்தை வைத்து முடிவு சொல்லலாமா, அதிர்ஷ்டம்தானே என்று யாராவது எழுதுவீர்கள். இருக்கலாம். ஆனால் 67க்கும் 40க்கும் உள்ள வித்தியாசம் அதிர்ஷ்டம் இல்லை. அதற்குப் பிறகு எத்தனையோ செட் வந்துவிட்டது, இந்த டெக்கை அப்படியே கட்டச் சொல்லவும் இல்லை. எண்ணிப் பார்க்கிற முறையைச் சொல்கிறேன்.

அந்தப் படிக்கட்டைப் பற்றி எழுதியதால் இதையும் சொல்லாமல் விட முடியவில்லை. 2020ல் பள்ளிக்கூடம் மூடி, பாடமெல்லாம் வாட்ஸ்அப்பிலும் சூமிலும் வந்தபோது நான் ஏ.எல். (உயர்தர) மாணவன். அதே படிக்கட்டில் குடை பிடித்துக்கொண்டு, எனக்கும் தங்கச்சிக்கும் ஒரே போனை வைத்து, முதல் அரை மணி அவள், பிறகு நான். மூடுபனி இறங்கினால் அந்தச் சிக்னலும் போய்விடும். பெறுபேறு வந்தபிறகு, தோட்டத்துப் பிள்ளைகளுக்குப் படிப்பில் அக்கறை இல்லை என்று ஒருவர் என் முகத்துக்கு நேரே சொன்னார். படித்தவர், பெயர் வேண்டாம். அன்றைக்குப் பதில் சொல்லாமல் வந்துவிட்டேன். இன்றும் வலிக்கிறது. லயத்தில் இன்னும் சிக்னல் இல்லை, இப்போது ஓ.எல். (சாதாரண தரம்) படிக்கிற பிள்ளைகள் அதே படிக்கட்டில்தான் உட்காருகிறார்கள்.

உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். எந்த செட்டில் எத்தனை பாயிண்ட் இருக்கிறது என்று பாருங்கள். அதிகம் இருக்கிற செட்டைத் தவிர வேறு பேக் திறக்காதீர்கள். டெக்கில் உள்ள பேசிக்குகளை எண்ணுங்கள். ஆறுக்கு மேல் இருந்தால் முக்கியமான அடிக்கு உதவாததை முதலில் எடுங்கள், அது எவ்வளவு அழகான கார்டாக இருந்தாலும். பிக்காச்சு ஈஎக்ஸ் டெக் என்றால் கதை வேறு. பெஞ்சில் (பின்வரிசையில்) நிற்கிற மின்னல் வகை ஒவ்வொன்றுக்கும் அடி 30 கூடும் என்பதால் அதற்குப் பேசிக் கூடத்தான் வேண்டும். 20 கார்டையும் கீழே எழுதுங்கள். வேலை முடிந்து டவுனில் பஸ்ஸுக்கு நிற்கிற நேரம் பார்த்துப் பதில் போடுகிறேன்.