கருக்கலைப்பு பற்றி எதிரெதிர் கருத்து இருந்தால் நட்பு நிலைக்குமா?

நாகர்கோவிலில் கூடப் படித்த தோழி பாவம் என்கிறாள், நீங்கள் பெண்ணின் உரிமை என்கிறீர்கள், பேச்சே நின்றுவிட்டது. சரி, முதலில் சட்டத்தையும் நம்பிக்கையையும் போட்டுக் குழப்பாதீர்கள்.

இந்தியாவின் 1971 மருத்துவக் கருக்கலைப்புச் சட்டத்தின் 2021 திருத்தப்படி, 20 வாரம் வரை ஒரு மருத்துவரின் ஒப்புதல் போதும். வன்கொடுமைக்கு ஆளானவர், சிறுமியர் போன்ற சிலருக்கு இரு மருத்துவர்கள் ஒப்புதலுடன் 24 வாரம். 18 வயது நிறைந்தவருக்குக் கணவர் கையெழுத்து தேவையில்லை (சில இடங்களில் இன்னும் கேட்கிறார்கள், அது தனிக்கதை).

கத்தோலிக்கத் திருச்சபையோ கருவுற்ற கணமே உயிர் என்கிறது. குளச்சல் பக்கம் ஞாயிறு பூசையோடு வளர்ந்த உங்கள் தோழிக்கு அது ஊறிப்போன விஷயம். சட்டப்பிரிவைக் காட்டி மாற்ற முடியாது.

நட்பை முறிப்பது பெரும்பாலும் ‘கொலைகாரி’, ‘பத்தாம்பசலி’ என்று வாய்தவறி விழும் சொல்தான். அப்புறம், நீங்கள் இருவரும் இருக்கும் வாட்ஸப் குரூப்பிலேயே யாருக்கும் சொல்லாமல் கலைத்தவள் ஒருத்தி இருக்கலாம். அங்கே வாதாட வேண்டாம். தோழியை நேரில் பாருங்கள்.