கேஸ் குழாய்க்கு ஏன் டேப்?

கேள்வி: வெளிச்சுவரில் வரும் சமையல் கேஸ் குழாயில் சில இடங்களில் மட்டும் டேப் சுற்றியிருக்கிறார்களே, குளிரில் கேஸ் உறையாமல் இருக்கவா?

பதில்: இல்லை. குழாயில் வருவது பெரும்பாலும் மீத்தேன். அது திரவமாகவே மைனஸ் 162 டிகிரி வேண்டும். ஊட்டிக் குளிரெல்லாம் அதற்கு எம்மாத்திரம்! டேப் துருவைத் தடுக்கத்தான். ஜிஐ குழாய் (துத்தநாகம் பூசிய இரும்புக் குழாய்) மண்ணைத் தொடும் இடம், சுவருக்குள் நுழையும் இடம், கிளாம்ப்புக்கு அடி என ஈரம் தங்கும் இடங்களில்தான் அரிப்பு தொடங்கும். கடலோர உப்புக்காற்றில் இன்னும் வேகம். மூட்டுகளைச் சோப்பு நீரால் சோதித்து, கம்பி பிரஷ்ஷால் துரு நீக்கி, பிரைமர் பூசி, ஒவ்வொரு சுற்றும் முந்தையதில் பாதியை மூடும்படி சுற்றுவார்கள். ஏசி குழாய்க்குப் போடும் கறுப்பு ஃபோம் மட்டும் வேண்டாம். மழைநீரைப் பிடித்துவைத்து, துருவையும் மறைத்துவிடும். பெயின்ட் உப்பி உரிந்திருந்தால் நீங்களே சுரண்டாமல் கேஸ் நிறுவனத்தை அழையுங்கள்.